இமயக் காடுகள்: இயற்கையின் இடையூறும் கோடரியின் கணக்கும்

2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்திலுள்ள பின்சர் வன உயிரினச் சரணாலயத்தில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற எட்டுப் பேர் தீயின் நடுவே சிக்கினர். நால்வர் அங்கேயே மாண்டனர். படுகாயமுற்றோரிடையேயும் பின்னர் உயிரிழப்பு நேர்ந்தது. மாண்டவர்களுள் உயரதிகாரி எவருமில்லை. வனக்காப்பாளர், பருவகாலத் தீக்காவலர், துணைக் காவற்படை வீரர், தினக்கூலித் தொழிலாளி என்று அடிமட்டத்தில் நின்று வேலை செய்தவர்களே தீக்கு இரையாயினர்.

ஒவ்வொரு கோடையிலும் இமயச் சரிவுகளில் தீ மூளும்போது ஆளும் வட்டாரத்திலிருந்து இரண்டு விளக்கங்கள் வருகின்றன. மழை பொய்த்தது, வெயில் மிகுந்தது, இயற்கையின் சீற்றத்துக்கு மனிதர் என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. கிராமத்தார் புல்லுக்காகக் காட்டைக் கொளுத்துகிறார்கள், அவர்களைப் பிடித்துச் சிறையில் அடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. கோடை வறட்சி கூடிவருவது மெய். இமயக் காட்டுத் தீயின் முதற்பொறி பெரும்பாலும் மனிதக் கையிலிருந்தே எழுகிறது என்பதும் மெய். ஆயினும் இவ்விரு விளக்கங்களும் அடிப்படையான கேள்வியைத் தொடாமலே நழுவுகின்றன. ஒரு பொறி விழுந்தால் ஒரு மலையே எரியும்படியான காடு அங்கே எவ்வாறு உருவானது? அந்தக் காட்டின் அமைப்பை வகுத்தவர்கள் யார்?

இதற்கான விடை வானிலை அறிக்கையில் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டிலும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுக் கால மரவெட்டின் வரலாற்றில் இருக்கிறது. இயற்கையின் இடையூறுகள், மனிதனின் கோடரி, அந்தக் கோடரியை ஏவிய வர்க்க நலன்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே இன்றைய இமயக் காட்டின் உருவத்தை வகுத்துள்ளன. இம்மூன்றையும் பிரித்தறிந்தால்தான் காட்டை யாரிடமிருந்து யார் காக்க வேண்டும் என்பது விளங்கும்.

இடையூறு அழிவு மட்டுமன்று

காடு என்பது என்றும் மாறாது நிற்கும் பசுமை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சூழலியல் அறிவு இதை ஏற்பதில்லை. மண்சரிவு, பனிச்சரிவு, சூறைக்காற்று, வெள்ளம், தீ, பூச்சித் தாக்குதல் ஆகியவற்றுக்கு உட்படாத காடு உலகில் எங்கும் கிடையாது. அதிலும் இமயம் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. 1893இல் பிரஹி கங்கைப் பள்ளத்தாக்கில் மலையொன்று சரிந்து ஆற்றை மறித்து, கோனா என்ற பேரேரியை உண்டாக்கியது. அடுத்த ஆண்டு அது உடைந்து, அலக்நந்தா நெடுகிலும் வெள்ளம் பாய்ந்தது. 1991இல் உத்தரகாசியும் 1999இல் சமோலியும் நிலநடுக்கத்தால் குலுங்கின. இத்தகைய மலையில் இடையூறு விதிவிலக்காக வருவதில்லை. அதுவே அங்குள்ள வாழ்வின் விதி.

அந்த இடையூறுகளுக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மண் சரிந்து வெறும் பாறையும் சேறுமாகக் கிடக்கும் தழும்பில் முதலில் வேரூன்றுவது உத்தீஸ் எனப்படும் மரம். அதன் நுண்ணிய விதைகள் காற்றில் வந்து விழுகின்றன. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளப்படுத்துகின்றன. உத்தீஸ் நிழல் விரித்த பின்னர், பறவைகள் கொண்டுவந்து புதைத்த கொட்டைகளிலிருந்து பாஞ்ச் எனப்படும் ஓக் முளைக்கிறது. உயரத்தில், பனி சரிந்து இறங்கும் தடங்களில் பூர்ஜ மரம் பாரத்துக்கு வளைந்து கொடுத்துப் பனி உருகியதும் நிமிர்கிறது. அடர்ந்த ஓக் காட்டில் ஒரு முதுமரம் காற்றில் சாய்ந்தால், அதனால் திறந்த சிறு வெளிச்சத்தில் புதிய கன்றுகள் எழுகின்றன.

இயற்கை உண்டாக்கும் இந்த மாற்றங்களுக்கு மூன்று பண்புகள் உண்டு. முதலாவது, அளவில் அவை சீரற்றவை: சிறிய இடைவெளிகள் பல, பேரழிவுகள் சில. இரண்டாவது, காலத்தில் அவை ஒத்திசைவதில்லை: ஒரு சரிவு இன்று சரிந்தால் மற்றொன்று நூறாண்டுக்குப் பின் சரியலாம். மூன்றாவது, அவை எதையும் முழுதாகத் துடைத்தெடுப்பதில்லை: விழுந்த மரம் அங்கேயே மக்குகிறது, வேர் எஞ்சுகிறது, விதை உறங்குகிறது, ஆங்காங்கே சில மரங்கள் பிழைத்து நிற்கின்றன. இதனால் பல வயதும் பல இனமும் கொண்ட காட்டுத் துண்டுகள், பல நிறத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை போல அடுத்தடுத்து அமைகின்றன.

இந்த ஒட்டுப்போர்வையே அடுத்த இடையூறுக்கும் தடுப்பாகிறது. காய்ந்த ஊசியிலைச் சருகில் ஓடிவரும் தீ, ஈரம் தங்கிய ஓக் காட்டு ஓடையை எட்டியதும் தளர்கிறது. ஒரு வயது மரங்களைத் தாக்கும் பூச்சி, வேறு வயது மரங்களிடையே பரவ முடியாமல் நிற்கிறது. காட்டின் வலிமை அதன் பன்மையில் இருக்கிறது. மரங்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததே.

கோடரியின் கணக்கு

இப்போர்வையைக் கிழித்து ஒரே நிறத் துணியாக நெய்ய முற்பட்டது காலனிய வனவியல். 1853இல் இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைகளுக்காகச் சாலும் தேவதாருவும் வேண்டப்பட்டன. பாகீரதி, யமுனை, டோன்ஸ் பள்ளத்தாக்குகளின் தேவதாரு மரங்கள் வெட்டப்பட்டு ஆற்றிலே மிதக்கவிடப்பட்டுச் சமவெளிக்கு வந்து சேர்ந்தன. 1864இல் வனத்துறை நிறுவப்பட்டது. 1865ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிடக் கடுமையான 1878ஆம் ஆண்டுச் சட்டமும் மக்களின் வழக்குரிமையை அரசின் சலுகையாகச் சுருக்கின. 1911க்கும் 1917க்கும் இடையே குமாவூனில் மட்டும் ஏறத்தாழ 3,000 சதுர மைல் காடு காப்புக்காடாக்கப்பட்டது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழை வெட்டுக்கும் எல்லை வகுக்கப்பட்டது.

இக்காலத்திலேயே சிர் எனப்படும் பைன் மரம் வனத்துறையின் செல்லப் பிள்ளையானது. அதன் பிசினிலிருந்து டர்பன்டைன் எண்ணெயும் ரோசினும் கிடைத்தன. 1890களில் குமாவூனில் தொடங்கிய பிசின் வடிப்பு, அமெரிக்கச் சரக்குக்கும் பிரெஞ்சுச் சரக்குக்கும் போட்டியாக வளர்ந்தது. மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகு சிர் மரமும் தண்டவாளக் கட்டையாகப் பயன்பட்டது. முதல் உலகப் போர் இத்தேவையைப் பன்மடங்காக்கியது.

ஓக் மரத்துக்கோ சந்தையில் விலையில்லை. அதன் இலை மாட்டுக்குத் தீவனம். மக்கிய சருகு வயலுக்கு உரம். கட்டை, கலப்பைக்கும் அடுப்புக்கும் ஆகும். அது நிற்கும் சரிவின் அடியில் ஊற்று வற்றுவதில்லை. மலைநாட்டு உழவனுக்கும், அவனைவிடப் பன்மடங்காகக் காட்டோடு உழலும் பெண்ணுக்கும் ஓக் இன்றி வாழ்வில்லை. ஆனால் வருவாய்க் கணக்கில் இவற்றுள் எதற்கும் பத்தி கிடையாது. ஆகவே ஓக் மரங்கள் நைனிடால், ராணிகேத், அல்மோரா முதலிய மலைநகரங்களின் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்பட்டன. சிர் மரமும் ஓக் மரமும் கலந்து நின்ற இடைப்பட்ட சரிவுகளில் சிர் ஊக்குவிக்கப்பட்டது. ஒரே மரத்தை ஆட்சி ஒரு கண்ணாலும் கிராமம் வேறொரு கண்ணாலும் பார்த்தது. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

வனத்துறையின் பணித்திட்டம் காட்டைக் கட்டங்களாகப் பிரித்தது. ஒரு கட்டத்தில் விதைக்கென்று சில மரங்களை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவை அனைத்தும் வெட்டப்பட்டன. கன்றுகள் ஒரே வேளையில் முளைத்து ஒரே உயரத்தில் வளர்ந்தன. அவை முதிரும் ஆண்டும் அவற்றை வெட்டும் ஆண்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டன. இயற்கையின் இடையூறோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இயற்கை சீரற்ற அளவில் திறப்புகளை உண்டாக்குகிறது. கோடரியின் கணக்கு சம அளவுக் கட்டங்களை உண்டாக்குகிறது. இயற்கை காலத்தைச் சிதறவிடுகிறது. கணக்கு அதை ஒரே சுழற்சியில் பூட்டுகிறது. இயற்கை விழுந்ததை அங்கேயே விட்டுச் செல்கிறது; கணக்கு அடிமரம் முழுவதையும் மலையிலிருந்து இறக்கிவிடுகிறது. போர்வையின் பல நிறங்கள் மறைந்து, நெடுந்தொலைவுக்கு ஒரே வயது, ஒரே இனம், ஒரே நிறம் எஞ்சியது.

சிர் மரத்தைப் பகையாகச் சித்திரிப்பது தவறு. அது இமயத்தின் மண்ணுக்கே உரிய மரம். தடித்த பட்டையால் தீயைத் தாங்கி நிற்கும். வெயில் விழும் வெற்றுச் சரிவில் முதலில் காலூன்றும். குற்றம் மரத்தினுடையதன்று. சந்தைக்காக அதை மட்டுமே வளர்த்த கொள்கையின் விளைவாக, தீயால் பிழைக்கும் மரமே எங்கும் நிறைந்தது. மார்ச் முதல் ஜூன் வரை அதன் ஊசியிலைகள் உதிர்ந்து, மக்காமல், பிசின் நெடியுடன் தரையை மூடுகின்றன. பிசின் வடிப்பதற்காகக் கீறப்பட்ட அடிமரம் தீ வந்தால் திரி போலப் பற்றுகிறது. தீயில் ஓக் கன்று கருகுகிறது, சிர் தப்புகிறது. அடுத்த ஆண்டு சிர்ச் சருகு மேலும் பெருகுகிறது. இவ்வாறு காடே தீயை வளர்க்கும் அமைப்பாக மாறியது.

1876இல் உழைப்பின் பாத்திரம் குறித்து எழுதிய கட்டுரையில் எங்கெல்ஸ் இத்தகைய நிகழ்வையே சுட்டிக்காட்டினார். ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவுக் காடுகளை வெட்டிய இத்தாலியர், அதனால் தம் மலை ஊற்றுகள் ஆண்டின் பெரும்பகுதி வற்றும் என்பதையும் மழைக்காலத்தில் சமவெளியை வெள்ளம் தாக்கும் என்பதையும் அறியாதிருந்தனர் என்று அவர் எடுத்துரைத்தார். கியூபாவின் மலைச்சரிவுக் காடுகளை எரித்த ஸ்பானியத் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு தலைமுறைக் காப்பிச் செடிக்கான சாம்பல் உரமே போதுமானதாக இருந்தது என்பதையும் அவர் மறவாது குறிப்பிட்டார். உடனடி லாபத்துக்கு அப்பால் எதையும் காணாத உற்பத்தி முறைக்குக் காடும் ஒரு கச்சாப்பொருள்தான்.

எரித்தவையும் விட்டவையும்

1921ஆம் ஆண்டு குமாவூனின் வரலாற்றில் மறக்கவியலாதது. அவ்வாண்டு ஜனவரியில் பாகேசுவரில் கூடிய உத்தராயணித் திருவிழாவில் மக்கள் கட்டாய உழைப்பு முறைக்கு எதிராகச் சூளுரைத்து, கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அதைத் தொடர்ந்து வந்த கோடையில் காப்புக்காடுகள் பற்றியெரிந்தன. வனத்துறை அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றது.

ஆனால் எரிந்த இடங்களைக் கூர்ந்து ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹா முக்கியமான உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தார். எரிந்தவை பெரும்பாலும் மரத்துக்கும் பிசினுக்குமாக அரசு பயன்படுத்திவந்த சிர்க் காடுகள். மக்களுக்குப் பயன்பட்ட அகன்ற இலைக் காடுகளைத் தீ ஏறத்தாழத் தொடவேயில்லை. தீ வைத்தவர்கள் காட்டின் மீது வெறுப்புக் கொண்டவர்கள் அல்லர். எந்தக் காடு யாருக்கு உரியது என்பதைத் துல்லியமாக அறிந்தவர்கள். புதிதாக வரையப்பட்ட வன வரைபடத்துக்கு அவர்கள் தந்த மறுமொழி அது.

ரைன் மாநிலச் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்ட விறகுத் திருட்டுச் சட்டம் குறித்து 1842இல் எழுதுகையில், உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையைத் திருடனாக்கும் அச்சட்டத்தை இளம் மார்க்ஸ் தம் பத்திரிகையில் கடுமையாக எதிர்த்தெழுதினார். பொருளாதாரக் கேள்விகளை நோக்கித் தம்மைத் திருப்பிய தொடக்கங்களுள் ஒன்றாக அவரே அதைப் பின்னாளில் குறிப்பிட்டார். காட்டைச் சுற்றி வேலியிடும் ஆட்சிக்கு அக்காட்டை நம்பி வாழ்பவன் குற்றவாளியாகவே தெரிகிறான். 1992இல் சந்தனக் கடத்தல் என்ற பெயரால் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட கொடுமையை அறிந்த தமிழ்த் தோழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குமாவூன் போராட்டம் வீண்போகவில்லை. காப்புக்காடுகளின் ஒரு பகுதி மீது மக்களுக்கிருந்த தடைகள் தளர்ந்தன. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் இயற்றப்பட்டன. கிராமமே தேர்ந்தெடுக்கும் குழு, கிராமக் காட்டை நிர்வகிக்கும் ஏற்பாடு அது. இன்று உத்தராகண்டில் பன்னிரண்டாயிரத்தையொட்டிய எண்ணிக்கையில் அவை உள்ளன. நன்கு இயங்கும் வன பஞ்சாயத்துகளின் காடுகளில் ஓக் இன்றும் தழைத்து நிற்பதைக் காணலாம். பின்வந்த விதித் திருத்தங்களோ இவ்வமைப்புகளின் அதிகாரத்தைப் படிப்படியாக வனத்துறையின் கைக்கே திருப்பின.

ஒப்பந்தக்காரர் போனார், கணக்கு போகவில்லை

விடுதலைக்குப் பின் ஆட்சி மாறியது, பணித்திட்டம் மாறவில்லை. 1962 எல்லைப் போரைத் தொடர்ந்து ராணுவச் சாலைகள் மேலேறின. அவற்றின் வழியே சமவெளியின் ஒப்பந்தக்காரர்களும் மேலேறினர். எட்டாத காடுகள் எட்டும் காடுகளாயின. 1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெருவெள்ளம் வந்தது. வெட்டுண்ட சரிவுகளுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பைக் கிராம மக்கள் தம் அனுபவத்தால் உணர்ந்தனர்.

1973இல் சமோலி மாவட்டத்தின் மண்டல் கிராமத்தில், ஏர் நுகத்தடிக்காக மக்கள் கேட்ட அங்கு மரம் மறுக்கப்பட்டது. அதே மரங்கள் அலகாபாத்தின் விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டன. சிப்கோ இயக்கம் அங்கே பிறந்தது. அடுத்த ஆண்டு ரேணி கிராமத்துக்கருகே 2,400க்கும் மேற்பட்ட மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச் 26 அன்று, போருக்குப் பின் எடுக்கப்பட்ட நிலத்துக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி ஆண்கள் அனைவரும் சமோலிக்கு அழைக்கப்பட்டிருந்த வேளையில், கௌரா தேவியின் தலைமையில் 27 பெண்கள் மரவெட்டிகளை மறித்துத் திருப்பியனுப்பினர்.

சிப்கோவைச் சர்வோதய இயக்கத்தின் தனிச்சொத்தாக எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அலக்நந்தா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகச் சென்று ரேணி ஏலத்துக்கு எதிராக மக்களைத் திரட்டியவர்களுள் ஜோஷிமட வட்டாரத் தலைவராயிருந்த கம்யூனிஸ்ட் தோழர் கோவிந்த் சிங் ராவத்தும் ஒருவர். மரத்தைக் காப்பது அங்கே உணர்ச்சிப் பெருக்காக எழவில்லை. தீவனமும் விறகும் நீரும் நிலமும் யாருக்கு என்ற வாழ்வுரிமைக் கேள்வியாகவே எழுந்தது.

ரேணிக்குப் பிறகு தாவரவியலாளர் வீரேந்திர குமார் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, மேல் அலக்நந்தா நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டரில் வணிக மரவெட்டு நிறுத்தப்பட்டது. ஏனைய இடங்களில் தனியார் ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக அரசின் வனக் கழகம் வந்தது. ஆனால் கழகமும் முந்தைய இலக்குக்காகவே, முந்தைய கட்டங்களிலேயே மரம் வெட்டியது. உடைமை அரசுடையதானாலும் உற்பத்தியின் நோக்கம் மாறாவிட்டால் நிலத்தின் உருவம் மாறுவதில்லை என்ற பாடத்தை இடதுசாரிகள் இங்கிருந்து பெற வேண்டும். இறுதியில், மலைமக்கள் விடாது போராடியதன் விளைவாக, 1981இல் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதற்குத் தடை வந்தது.

தடைக்குப் பின்னும் நின்ற உருவம்

தடை வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காடு தன் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. கோடரி விழுந்த வடிவம், கோடரி ஓய்ந்த பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் நிலத்தில் பதிந்திருக்கும். உத்தராகண்டில் இன்று ஏறத்தாழ 4 லட்சம் எக்டேரில் சிர்க் காடு உள்ளது. விதை தர ஓக் மரமில்லாத சரிவில், ஊசியிலை மெத்தையின் மீது, ஆண்டுதோறும் தீ வரும் இடத்தில் ஓக் தானாக முளைக்காது. காப்புக்காட்டில் நுழையவியலாத கிராமங்கள் எஞ்சிய ஓக் துண்டுகளை மட்டுமே நம்பித் தழை வெட்டியதால் அவையும் மெலிந்தன. இதில் கிராமத்தின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. பரந்த காட்டில் பகிர்ந்திருந்த சுமை குறுகிய காட்டின் மீது ஏற்றப்பட்டதன் விளைவு அது.

ஓக் விலகிச் செல்லச் செல்லப் பெண்களின் நடை நீண்டது, ஊற்றுகள் மெலிந்தன, ஆண்கள் சமவெளியில் வேலை தேடிப் போயினர். வயல்கள் தரிசான ஊர்களில் சருகைத் திரட்டவும் தீயை அணைக்கவும் ஆளில்லை. காட்டின் மீது உரிமையில்லாதவனுக்குக் காடு எரிந்தால் ஓடிவரும் கடமையுணர்வும் காலப்போக்கில் தேய்ந்தது. முன்பு ஊரே திரண்டு தழைக்கொம்பால் அடித்து அணைத்த தீயை, இன்று பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடு வரைக்கும் மட்டும் அமர்த்தப்படும் தற்காலிகத் தீக்காவலர்கள் எதிர்கொள்கின்றனர். பின்சரின் மரணங்களை இந்தப் பின்னணியிலேயே பார்க்க வேண்டும்.

புதிய கோடரிகள்

மரவெட்டு நின்ற மலையில் இன்று வேறு கோடரிகள் இறங்கியுள்ளன. ஏறத்தாழ 889 கிலோமீட்டர் சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டம் 53 துண்டுகளாகக் காட்டப்பட்டது. அதனால் முழுத் திட்டத்துக்குமான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தவிர்க்கப்பட்டது. சரிவின் அடியை வெட்டியெடுக்கும் சாலை, காட்டைத் துண்டாடுவதுடன் புதிய மண்சரிவுகளையும் உண்டாக்குகிறது. இயற்கையின் சரிவில் உத்தீஸ் முளைக்கக் காலம் கிடைக்கிறது. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் சரியும் சாலைச் சரிவில் எதுவும் வேரூன்ற முடிவதில்லை.

2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாகப் பெயர்ந்து விழுந்த பெருந்திரள் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. மரவெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எந்த ஓக் காடும் அதைத் தடுத்திருக்காது. ஆயினும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கும் காணாமற்போனதற்கும் மலையை மட்டும் குறைகூற முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில், ஆற்றின் வழியிலேயே நீர்மின் நிலையங்களும் சுரங்கங்களும் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் வேலை செய்த தொழிலாளர்களே பெருமளவில் பலியாயினர். அந்த மின் திட்டத்தின் வெடிவைப்புக்கு எதிராக அதற்கு ஈராண்டுக்கு முன்பே ரேணி மக்கள் உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தனர். கௌரா தேவியின் ஊர் அது. இடையூறு இயற்கையினுடையது, அதைப் பேரிடராக்கியது லாபம்.

2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம், சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதியில் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள நெடுந்தொடர்த் திட்டங்களுக்கு விலக்களிக்கிறது. உத்தராகண்டின் மலை மாவட்டங்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் அம்மாநிலத்தில் வழங்கப்பட்ட உரிமைகளோ மிகச் சொற்பம்.

இழந்த காட்டுக்கு ஈடாக மரம் நடுகிறோம் என்று அரசு சொல்லக்கூடும். அந்த ஈடுசெய் நிதியில் 13 கோடி ரூபாய்க்கு மேல் ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி முதலிய வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டதை 2025இல் வெளியான தணிக்கை அறிக்கை காட்டியது. நிதி முறையாகச் செலவானாலும் அடிப்படைப் பிழை நீங்காது. ஒரு எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை பத்து சதவீதத்தைத் தாண்டினால், அது எந்த மரமாயினும், யாருடைய தோட்டமாயினும், இந்திய வன மதிப்பாய்வு நிறுவனத்தின் கணக்கில் வனப்பரப்பு. முந்நூறு ஆண்டு ஓக் காடும் முப்பது ஆண்டு ஒற்றை மரத் தோட்டமும் அங்கே ஒன்றே. உத்தராகண்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் வனப்பரப்பு என்ற பெருமைக்குள் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது. கோடரியின் கணக்கு இன்று புள்ளிவிவரக் கணக்காகத் தொடர்கிறது.

எதைக் கோருவது?

இரண்டு தவறான நிலைப்பாடுகளை இடதுசாரி இயக்கம் விலக்க வேண்டும். மனிதரை முற்றிலும் வெளியேற்றி வேலியிட்டால் காடு தானே தழைக்கும் என்பது ஒன்று. அது காட்டின் இயல்பையும் அறியவில்லை, மலைமக்களின் வரலாற்றையும் அறியவில்லை. சிர் மரம்தான் தீக்குக் காரணம், எனவே 1,000 மீட்டர்த் தடையை நீக்கி வெட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. தீக்காலந்தோறும் எழும் இந்தக் குரல், அறிவியலின் உடையில் வரும் ஒப்பந்தக்காரரின் குரலாகிவிடும் ஆபத்து உண்டு. சில சரிவுகளில் சிர் மரங்களைக் களைவது ஓக் திரும்ப உதவும் என்பது உண்மையே. ஆனால் எங்கே, எத்தனை, எப்போது என்பதைக் கிராம சபையும் வன பஞ்சாயத்தும் சூழலியலாளரின் துணையோடு முடிவு செய்ய வேண்டும். வெட்டிய மரத்தின் பயன் ஊருக்கே சேர வேண்டும். ஏலமும் இலக்கும் அங்கே நுழையக் கூடாது.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. வன பஞ்சாயத்துகளுக்கு 1931இல் கிடைத்த தன்னாட்சியை மீட்டு, அவற்றுக்கு நிதியும் அதிகாரமும் வழங்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் சமூக வன உரிமைகளை ஊர்தோறும் அங்கீகரிக்க வேண்டும். தீக்காவலர்களை ஆண்டு முழுவதற்குமான பணியாளர்களாக்கி, பாதுகாப்புக் கருவியும் காப்பீடும் பயிற்சியும் தர வேண்டும். தீ மூளாத மாதங்களில் சருகு அகற்றுவதற்கும் ஓக் கன்று வளர்ப்பதற்கும் ஊற்றுகளைப் பேணுவதற்கும் அவர்களை அமர்த்தலாம். ஊரக வேலைத் திட்டத்தை இப்பணிகளோடு இணைக்கலாம். நட்ட மரங்களின் எண்ணிக்கைக்கு மாறாக, மீண்ட கலப்புக் காட்டின் பரப்பை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். சரிவுகளைக் குடையும் திட்டங்களுக்கு முழுமையான மதிப்பீடும் கிராம சபையின் முன்னிசைவும் கட்டாயமாக வேண்டும்.

இது இமயத்துக்கு மட்டுமான பிரச்சினையன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியையும் சோலையையும் மாற்றி நடப்பட்ட சீகையும் தைல மரமும் இதே கணக்கின் தென்னாட்டுப் பக்கங்கள். அங்கும் மரம் நட்டது யார், எதற்காக, யாருடைய நிலத்தில் என்ற கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இடையூறுகள் இல்லாத மலையை எந்த அரசும் தர முடியாது. மண் சரியும், பனி விழும், இடி இறங்கும். அவற்றைத் தாங்கி மீண்டும் தழைக்கும் ஆற்றல் பல வயதும் பல இனமும் கலந்த காட்டுக்கு உண்டு. அத்தகைய காட்டைப் பேணும் அறிவும் தேவையும் அதைச் சார்ந்து வாழும் உழைக்கும் மக்களிடம் உண்டு. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரத்தை அவர்களிடமே ஒப்படைப்பதே தீத்தடுப்பின் முதற்பணி.